ஜபலா வரை இழுத்த கோடு: யேமனின் ரஸூலி மரபுக்குக் கொடிவழி அமைத்த ஒரு பணியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்தியப் பெருங்கடலின் மேற்குக் கரை அரசுகளைப் பற்றித் தமிழில் ஒரு பார்வை நூல் உருவானபோது அதன் தொகுப்பாளர்களில் ஒருவனாக இருந்தேன். அந்நூலின் ஒரே ஒரு பக்கத்தை, அதாவது யேமனை 1229 முதல் 1454 வரை ஆண்ட ரஸூலி சுல்தான்களின் கொடிவழியை, நாங்கள் எவ்வாறு வரைந்தோம், எங்கே தவறினோம், எவ்வாறு திருத்தினோம் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். பணியில் ஈடுபட்டவர்கள் மூவர். ஒருவன் நான். இரண்டாமவர் ஆங்கிலம் வழியாக இடைக்கால வரலாறு படித்த இளம் மொழிபெயர்ப்பாளர். முதல் வரைவு அவருடையது. மூன்றாமவர் அரபுக் கல்லூரியில் பல்லாண்டுகள் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற பெரியவர். எங்கள் இருவருக்கும் அவர் 'ஹஜ்ரத்'.

ரஸூலிகள் தமிழ் நூலொன்றில் இடம்பெறக் காரணம் உண்டு. தஇஸ் நகரைத் தலைநகராகவும் ஸபீத் நகரைக் குளிர்கால இருக்கையாகவும் கொண்டு ஆண்ட இவர்களின் பெருவருவாய் ஏடன் துறைமுகத்திலிருந்து வந்தது. ஏடனுக்கு வந்த மிளகும் துணியும் இந்தியக் கரையிலிருந்து சென்றவை. கோழிக்கோட்டு முஸ்லிம் வணிகர்கள் தங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் வெள்ளிக்கிழமைத் தொழுகைப் பேருரையான குத்பாவில் ரஸூலி சுல்தானின் பெயரைச் சொல்ல இசைவு கேட்டு 1393-இல் எழுதிய செய்தி யேமன் வரலாற்று நூலில் இருக்கிறது. கடல் கடந்த ஊரில் ஓர் அரசரின் பெயர் மேடையேறுகிறது என்றால், அந்தப் பெயர் யாருடையது, அவர் யாருடைய மகன் என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டிய கடமை எங்களுக்கு இருந்தது.

முதல் வரைவு

மொழிபெயர்ப்பாளர் கொடுத்த வரைவு பார்க்க அழகாக இருந்தது. மேலே கஸ்ஸான் என்ற அரபுக் குலத்தின் கடைசி அரசரான ஜபலா இப்னு அல்-அய்ஹம்; அவரிடமிருந்து கீழே இறங்கும் ஒரு நேர்க்கோடு; பிறகு ருஸ்தம், யூஹி, அபுல் ஃபத்ஹ், ஹாரூன், முஹம்மது என்ற பெயர்கள்; அந்த முஹம்மதுக்கே 'ரஸூல்', அதாவது தூதர், என்ற பட்டப்பெயர்; அவருக்குக் கீழே அலி; அலிக்குக் கீழே யேமனைக் கைக்கொண்ட உமரும் அவர் வழிவந்த சுல்தான்களும். தலைப்பில் 'யேமனின் அரபு அரச மரபு' என்று எழுதியிருந்தார். இவற்றில் எதையும் அவர் தாமாகக் கற்பனை செய்யவில்லை. ரஸூலி அரசவையைச் சேர்ந்தவரும் 1410-ஐ ஒட்டி மறைந்தவருமான அல்-கஸ்ரஜி எழுதிய அரசமரபு வரலாற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பையே அவர் பின்பற்றியிருந்தார்.

அல்-கஸ்ரஜி சொல்லும் கதை இது. இஸ்லாமியப் படைகளுக்கு எதிராக 636-இல் யர்மூக் போரில் பைசாந்தியர் பக்கம் நின்ற ஜபலா, பின்னர் இஸ்லாத்தைத் தழுவினார். கஅபாவை வலம்வரும்போது தம் ஆடையை மிதித்த ஒருவரை அறைந்தார். பழிக்குப் பழி என்று கலீஃபா உமர் தீர்ப்புச் சொல்ல, ரோமர் நாட்டுக்கே தப்பிச் சென்றுவிட்டார். இதுவரை அரபு மரபில் பலரும் அறிந்த கதைதான். அதற்கு மேல் அல்-கஸ்ரஜி சேர்ப்பது, ஜபலாவின் சந்ததியார் காலப்போக்கில் துருக்கியரான துருக்மான் குலங்களுள் மஞ்ஜிக் என்ற பிரிவினரிடையே குடியேறி, அவர்களுடைய மொழியைப் பேசி, அரபுக் குலத்தாருடன் தொடர்பற்றுப் போனதால், பார்த்தவர்கள் அவர்களையும் துருக்மான்கள் என்றே எண்ணிவிட்டார்கள் என்பதாகும். அவர்களுள் ஒருவரான முஹம்மது இப்னு ஹாரூன் பக்தாதில் அப்பாஸிய கலீஃபாவின் நம்பிக்கையைப் பெற்று, ஷாமுக்கும் (சிரியாவுக்கும்) எகிப்துக்கும் தூதராக அனுப்பப்பட்டதால் 'ரஸூல்' ஆனார் என்கிறது அந்நூல்.

வரைவைப் பார்த்த ஹஜ்ரத் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஜபலாவுக்கும் ருஸ்தமுக்கும் நடுவிலே எத்தனை வாப்பாமார் இருக்கணும், எண்ணிப் பார்த்தியாம்மா?"

கவனித்தவை

நாங்கள் எண்ணிப் பார்த்தோம். அளவுகோல் வெளியிலிருந்து தேவைப்படவில்லை. ரஸூலிகளின் ஐயத்துக்கிடமற்ற பகுதியே போதுமானதாக இருந்தது. 1250-இல் கொல்லப்பட்ட முதல் சுல்தான் உமர், அவர் மகன் யூசுஃப், அவர் மகன் தாவூத், அவர் மகன் அலி, அவர் மகன் அப்பாஸ், அவர் மகனாகிய 1400-இல் மறைந்த இஸ்மாயீல் என்று தந்தை மகனாக ஐந்து படிகள் இறங்க 150 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. படிக்கு 30 ஆண்டுகள். இதே கணக்கைப் பின்னோக்கிக் கொண்டுபோனால், யர்மூக் போரின் ஜபலாவுக்கும் 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்திருக்க வேண்டிய முஹம்மது இப்னு ஹாரூனுக்கும் இடையே ஏறத்தாழ 17 தலைமுறைகள் வேண்டும். எங்கள் கையில் இருந்தவை நான்கு பெயர்கள். அப்போதுதான் மூலத்தின் சொல்லாட்சியை ஹஜ்ரத் எடுத்துக் காட்டினார்: ருஸ்தமை ஜபலாவின் மகன் என்று மூலம் சொல்லவேயில்லை, ஜபலாவின் 'துர்ரிய்யத்தை', அதாவது வழித்தோன்றல்களைச் சேர்ந்தவர் என்றே சொல்கிறது. நானூறு ஆண்டுகளை அந்த ஒற்றைச் சொல் தாண்டியிருக்க, எங்கள் வரைபடம் அதை ஒரு நேர்க்கோடாக மாற்றியிருந்தது. மூலநூலே உரிமை கோராத ஒரு தொடர்ச்சியை நாங்கள் கோடு போட்டு உருவாக்கியிருந்தோம் என்பதே முதல் கண்டுபிடிப்பு.

இரண்டாவதாக, 'இப்னு' என்ற சொல் எப்போதும் நேர் மகனைக் குறிப்பதில்லை என்பது எங்களுக்குக் கண்கூடாகத் தெரிந்தது. 1330-ஐ ஒட்டி யேமனுக்குச் சென்று சுல்தான் அல்-முஜாஹித் அலியைக் கண்ட இப்னு பதூதா, அவரை அல்-முஅய்யத் தாவூதின் மகன் என்றும், தாவூதை அல்-முஸஃப்பர் 'யூசுஃப் இப்னு அலி இப்னு ரஸூல்' என்பவரின் மகன் என்றும் அறிமுகப்படுத்துகிறார். யூசுஃபின் தந்தை அலி அல்லர், உமர். அரசை நிறுவியவரே அந்தத் தொடரில் விடுபட்டுப்போகிறார். இது பயணியின் மறதியாகவும் இருக்கலாம், புகழ்பெற்ற பாட்டனாரின் பெயருக்குத் தாவும் வழக்கமாகவும் இருக்கலாம். எப்படியாயினும், ஒரே ஒரு மூலத்தை நம்பி வரைந்திருந்தால் ஒரு தலைமுறை காணாமற்போயிருக்கும். ரஸூல் என்ற பட்டத்துக்கு அவர் கூறும் காரணமும் வேறு: கலீஃபாக்களுள் ஒருவர் அந்த முன்னோரை யேமனுக்கே அமீராக அனுப்பினார் என்கிறார். அரசரின் முன்னோரை அறிமுகம் செய்யும் அந்த இடத்தில் கஸ்ஸான் என்ற பேச்சே இல்லை.

மூன்றாவது சிக்கல் பட்டங்களால் வந்தது. ரஸூலி சுல்தான்கள் ஒவ்வொருவருக்கும் இயற்பெயர், தந்தைவழித் தொடர், 'நூருத்தீன்', 'ஷம்சுத்தீன்' போன்ற சிறப்புப்பெயர், அரியணைப் பட்டம் என்று பெயர் அடுக்கடுக்காக வரும்; ஆனால் பட்டங்களோ திரும்பத் திரும்ப வருபவை. அல்-அஷ்ரஃப் என்ற பட்டம் ஓர் உமருக்கும் மூன்று இஸ்மாயீல்களுக்கும் உண்டு. அல்-மன்ஸூர் மூவர். அல்-முஸஃப்பர் இருவர். அரியணை ஏறாத உறவினர்களிடையே குழப்பம் இன்னும் மோசம். அலி இப்னு ரஸூலின் நான்கு மகன்களுள் ஒருவர் ஃபக்ருத்தீன் அபூபக்ர். அவர் அண்ணன் ஹஸனின் மகன் ஒருவரும் ஃபக்ருத்தீன் அபூபக்ர்தான். உமர் கொல்லப்பட்டதும் அவருடைய அடிமைப்படையினர் அரசராக முன்னிறுத்தியது இந்த இரண்டாமவரை. எங்கள் வரைவில் இருவரும் ஒரே கட்டத்துக்குள் இருந்தார்கள். அதன் விளைவாக, உமரின் தம்பியே அவருக்கு எதிராக நிறுத்தப்பட்டார் என்ற ஒரு பொய்க்கதை நூலுக்குள் நுழைய இருந்தது.

ஆண்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹிஜ்ரி 647 என்பது 1249 ஏப்ரலில் தொடங்கி 1250 ஏப்ரலில் முடிகிறது. உமரின் கொலை அவ்வாண்டின் பதினோராம் மாதமான துல்கஃதாவில் நடந்ததால் அது 1250. இயந்திரத்தனமாக மாற்றிய நூல்களில் 1249 என்று இருக்கிறது. எங்கள் எக்செல் தாளில் ஒரே மரணம் இரண்டு ஆண்டுகளில் இருந்தது. காசுகளைக் கொண்டு சரிபார்க்கலாம் என்று நான் முன்வைத்த யோசனையும் எளிதாக இல்லை. 1258-இல் மங்கோலியர் கையில் இறந்த கலீஃபா அல்-முஸ்தஃஸிமின் பெயரை ரஸூலிகள் அதன் பிறகும் நெடுங்காலம் தங்கள் காசுகளில் பொறித்து வந்தார்கள் என்பதால், கலீஃபாவின் பெயரை வைத்துக் காசுக்குக் காலம் கணிப்பவர் ஏமாந்துபோவார்.

எங்கள் தவறான முடிவு

இவ்வளவும் கண்ட பிறகு, எனக்கு ஒரு முடிவு தானாகவே உருவாயிற்று. அதை அவசரமாக எழுதியும் வைத்தேன். ரஸூலிகள் துருக்மான் வழியினர். அரபு வழிமுறை என்பது ஆட்சி முதிர்ந்த 1400-ஐ ஒட்டி, அல்-கஸ்ரஜி போன்ற அரசவை எழுத்தாளர்கள் தங்கள் புரவலரான சுல்தான் அல்-அஷ்ரஃபை மகிழ்விக்கக் கட்டிய கதை. இந்த முடிவுக்கு ஆதரவாக நான் பிடித்துக்கொண்டது ஒரு குல வரலாற்று நூல். கஸ்ஸான் வழிமுறையை அதுவும் கூறுகிறது. அதன் ஆசிரியர் 'அல்-மலிக் அல்-அஷ்ரஃப்' என்று எங்கள் குறிப்பேட்டில் இருந்தது. அல்-கஸ்ரஜியின் புரவலரும் அல்-அஷ்ரஃப்தானே. ஆகவே அரசரும் அரசவைப் புலவரும் சேர்ந்து ஒரே காலத்தில் செய்த வேலை என்று நினைத்தேன்.

இன்னொரு சான்றும் என் பக்கம் இருப்பதாகத் தோன்றியது. 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சுல்தான் அல்-முஸஃப்பர் யூசுஃபுக்கு நெருக்கமானவராக இருந்த இப்னு ஹாதிம் எழுதிய வரலாற்றின் தலைப்பிலேயே 'யேமனில் ஆண்ட குஸ் அரசர்கள்' என்று வருகிறது. குஸ் என்றால் ஓகுஸ் துருக்கியர். அரசவைக்கு உள்ளேயே இருந்த ஒருவர் தம் அரசர்களை குஸ் என்று தயக்கமின்றி அழைக்கிறார் என்றால், அப்போது அரபு வழிமுறை என்ற பேச்சே எழுந்திருக்காது என்பது என் வாதம்.

ஹஜ்ரத் இதை ஏற்கவில்லை. அதே நூல் ரஸூலிகளுக்கு முன் யேமனை ஆண்ட அய்யூபிகளையும் குஸ் அரசர்களோடு சேர்த்தே பேசுகிறது. அய்யூபிகளோ குர்து வழியினர். எனவே அன்றைய யேமனியர் வாயில் குஸ் என்பது வடக்கிலிருந்து குதிரையேறி வந்த படைக்காரர்களுக்கெல்லாம் பொதுவான பெயராக இருந்திருக்கிறதே தவிர, குலமுறைச் சான்றிதழாக இல்லை என்று அவர் விளக்கினார். நான் பாதி ஏற்றுக்கொண்டேன். ஆனால் 1400 என்ற காலக் கணிப்பை விடவில்லை. கட்டுரை அவ்வாறே மெய்ப்புக்குப் போயிற்று.

ஒரு பித்தளைக் கருவி

மெய்ப்பு நிலையில் பக்கத்துக்கு ஒரு படம் தேவைப்பட்டது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் யேமனிலிருந்து வந்த ஒரு அஸ்ட்ரோலேப் இருக்கிறது. கோள்களின் உயரம் அளக்கும் பித்தளைக் கருவி அது. படக் குறிப்புக்காக அதன் பொறிப்பைப் படித்த மொழிபெயர்ப்பாளர், அன்று மாலையே எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். கருவியைச் செய்தவர் தம்மை உமர், யூசுஃபின் மகன், உமரின் பேரன், அலியின் கொள்ளுப்பேரன், ரஸூல் வழி என்று பொறித்திருக்கிறார். ஆண்டு ஹிஜ்ரி 690, அதாவது 1291. அப்போது இளவரசராக இருந்த இவரே 1295-இல் அல்-அஷ்ரஃப் என்ற பட்டத்தோடு அரியணை ஏறி அடுத்த ஆண்டே மறைந்தவர். வானியல், வேளாண்மை, குல வரலாறு மூன்றிலும் நூல் எழுதியவர்.

அதன் பிறகு மொழிபெயர்ப்பாளர் செய்ததுதான் முதலிலேயே நாங்கள் செய்திருக்க வேண்டியது. குல வரலாற்று நூலின், 1949-இல் டமாஸ்கஸில் அச்சான பதிப்பின் முகப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். ஆசிரியர் அல்-அஷ்ரஃப் உமர் இப்னு யூசுஃப். நான் நினைத்த, அல்-கஸ்ரஜியின் புரவலரான இஸ்மாயீல் அல்லர். இருவருக்கும் இடையே நூறு ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது. ஆக, கஸ்ஸான் வழிமுறை 1400-இல் பிறந்த கதை அன்று. 1296-க்கு முன்பே, ரஸூலி அரசு நிலைபெற்ற மூன்றாம் தலைமுறையிலேயே, அரச குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் கையாலேயே எழுத்தில் இருந்திருக்கிறது. அல்-கஸ்ரஜி அதை உருவாக்கவில்லை, வாங்கிச் சொன்னார்.

இந்தத் திருத்தம் ஓர் ஆண்டெண்ணை மாற்றியதோடு நிற்கவில்லை. 'ஏன்' என்ற கேள்விக்கான எங்கள் விடையையே மாற்றியது. முதிர்ந்த அரசின் அலங்காரமாகக் கண்டதை, இளம் அரசின் தேவையாகப் பார்க்க வேண்டியதாயிற்று. அய்யூபி அரசர் அல்-மஸ்ஊத் 1229-ஐ ஒட்டி யேமனை விட்டுச் சென்று திரும்பாமலே இறந்தபின், அவருடைய பிரதிநிதியாக இருந்த உமர் படிப்படியாகத் தம்மை அரசராக்கிக்கொண்டார். பக்தாத் கலீஃபாவின் ஏற்புக்கு அவர் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. வடக்கு மலைநாட்டில் அவருக்கு எதிரே நின்ற, ஷியா பிரிவொன்றின் தலைவர்களான ஸைதி இமாம்களோ நபிகளின் பேரர்கள் வழிவந்தவர்கள். அந்த வழிமுறையே அவர்களுடைய தலைமைக்குத் தகுதி. அவர்களுக்கு முன்னால், வெளியூர்ப் படைத்தலைவரின் பேரன் என்பது பலவீனமான அடையாளம். கஸ்ஸான் குலம் இதற்கு எவ்வளவு பொருத்தமாக அமைகிறது என்பதை ஹஜ்ரத் சொன்னபோதுதான் எனக்கு விளங்கிற்று: அரபு குலமரபின்படி கஸ்ஸான் என்பது மாரிப் அணை உடைந்தபோது யேமனிலிருந்து வடக்கே பெயர்ந்துபோன அஸ்த் குலத்தின் கிளை. எனவே கஸ்ஸான் வழியில் வந்தவர் யேமனுக்கு வந்தேறி அல்லர், ஊர் திரும்பியவர். நபிவழிக் குருதிக்கு ஈடாக அவர்கள் மண்ணின் உரிமையை முன்வைத்தார்கள். மஞ்ஜிக் குலத்தாரிடையே வாழ்ந்து துருக்கி பேசினார்கள் என்ற வாக்கியமும் அந்தக் கதையில் வீணாக இல்லை; எல்லாருக்கும் தெரிந்த துருக்மான் தோற்றத்தை மறுக்காமலே அதற்கு விளக்கம் தந்துவிடுகிறது. எகிப்தை ஆண்ட, அடிமைப்படை வழிவந்த சர்க்காசிய மம்லூக்குகளைப் பற்றியும் பிற்காலத்தில் இதே ஜபலா கதை சொல்லப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது, அரபு நிலத்தை ஆளவந்த வெளியாருக்கு, ரோமர் நாட்டுக்குள் போய் மறைந்த அந்தக் குலம் எவ்வளவு வசதியான வாசலாக இருந்தது என்பது தெரிகிறது.

எடுத்த முடிவுகள்

அச்சுக்கு முன் மூவரும் அமர்ந்து மூன்று முடிவுகள் எடுத்தோம். முதலாவது, கொடிவழியை மேலிருந்து கீழே வரையாமல், கீழிருந்து மேலே வரைவது. சமகாலச் சான்று உள்ள இடம் வரை முழுக்கோடு. அஸ்ட்ரோலேப் பொறிப்பு ரஸூலோடு நின்றுவிடுகிறது. தம் கைவேலையில், தம் பெயரை நீளமாகப் பொறித்த அந்த இளவரசரே, குல வரலாற்று நூலில் ஜபலா வரை போனவராக இருந்தும், கருவியில் ரஸூலுக்கு மேல் போகவில்லை. இடப்பற்றாக்குறையாகவும் இருக்கலாம் என்பதால் இதை வைத்து நான் வாதம் எதுவும் கட்டவில்லை. ஆனால் முழுக்கோடு நிற்க வேண்டிய இடம் எது என்பதற்கு அது நல்ல எல்லைக்கல்லாக இருந்தது. ரஸூலுக்கு மேலே ஹாரூன் முதல் ருஸ்தம் வரை புள்ளிக்கோடு. ருஸ்தமுக்கும் ஜபலாவுக்கும் இடையே இன்னும் அகன்ற புள்ளிகள், அதன் பக்கத்தில் 'அரச மரபின் உரிமைக்கூற்று, 1296-க்கு முன்பு' என்ற சிறு குறிப்பு.

சோழர் செப்பேடுகளைப் படித்தவர்களுக்கு இது புதிதன்று. திருவாலங்காட்டுச் செப்பேடு சூரியனிடமிருந்து தொடங்கி விசயாலயனுக்கு வருகிறது. முதல் பகுதியை நாம் யாரும் பிறப்புப் பதிவாகப் படிப்பதில்லை. புள்ளிக்கோடு போடலாம் என்ற யோசனையே அந்தப் பழக்கத்திலிருந்து எனக்கு வந்தது.

இரண்டாவது முடிவு, தலைப்பைப் பற்றியது. 'அரபு அரச மரபு' என்பதா, 'துருக்கிய அரச மரபு' என்பதா என்று நீண்ட நேரம் பேசினோம். மொழிபெயர்ப்பாளர் இரண்டாவதை விரும்பினார். ஆய்வாளர் பலரின் கருத்தும் அந்தப் பக்கமே சாய்கிறது. ஹஜ்ரத்தின் மறுப்பு வேறு வகையானது: அரபியில் ஆண்டு, அரபியில் எழுதி, அரபுக் குலங்களின் வரலாற்றைத் தாமே தொகுத்த ஒரு குடும்பத்தைப் பாட்டனாரின் குருதியை வைத்து மட்டும் பெயரிடுவது சரியன்று என்றார். சுல்தான் அல்-அஃப்தல் அப்பாஸ் தொகுத்த கையெழுத்துப் பிரதியில் அரபு, பாரசீகம், துருக்கி, கிரேக்கம், ஆர்மீனியம், மங்கோலியம் என்ற ஆறு மொழிச் சொற்பட்டியல் ஒன்று இருக்கிறது. அதைத் துருக்கிப் பூர்வீகத்தின் சான்றாகச் சேர்க்க நான் முயன்றபோது, "அப்படியானால் அவர் கிரேக்கரும் ஆர்மீனியரும் ஆகணுமே" என்று சிரித்தார். இறுதியில் தலைப்பு 'யேமனின் ரஸூலி சுல்தான்கள்' என்று மட்டும் ஆயிற்று; தோற்றம் பற்றிய விவாதம் கட்டுரைக்குள் இரண்டு பத்திகளாக அமைந்தது.

மூன்றாவது, ஆள் ஒவ்வொருவருக்கும் எண் கொடுப்பது. பட்டம், சிறப்புப்பெயர், இயற்பெயர் எல்லாம் அந்த எண்ணுக்குக் கீழே குறிப்புகளாக மட்டும் இருக்கும். இரண்டு ஃபக்ருத்தீன்களும் இப்படித்தான் பிரிந்தார்கள். ஹிஜ்ரி ஆண்டையே முதன்மையாக வைத்து, மாதம் தெரிந்த இடத்தில் மட்டும் பொது ஆண்டு ஒன்றையும், தெரியாத இடத்தில் இரண்டு ஆண்டுகளையும் சாய்கோட்டோடு தந்தோம்.

வெளியான பின்

நூல் வெளியானதும் இந்தப் பக்கத்தைப் பற்றி வந்த கடிதங்கள் ஒன்றுக்கொன்று எதிரானவை. ஓர் அரபு அரச குடும்பத்தின் குலப்பெருமையைப் புள்ளிகளாக உடைத்துவிட்டோம் என்று ஒருவர் வருந்தினார். துருக்கியர் என்று சொல்லத் துணிவில்லாமல் மழுப்பிவிட்டோம் என்று இன்னொருவர் கடிந்துகொண்டார். இருவருக்கும் சான்றுகளைக் காலவரிசையில் அடுக்கி ஒரே பதிலை அனுப்பினேன். அதோடு அது ஓய்ந்தது.

ஓயாதது வேறு. சில மாதங்கள் கழித்து, ஒரு கண்காட்சியின் சுவர்ப்பலகையில் எங்கள் கொடிவழியைப் பார்த்தேன். வரைந்தவர் நேர்மையாக எங்கள் நூலின் பெயரையும் கீழே கொடுத்திருந்தார். ஆனால் பெரிதாக்கி மறுபடி வரையும்போது புள்ளிக்கோடுகள் எல்லாம் முழுக்கோடுகள் ஆகியிருந்தன. சிறு எழுத்துக் குறிப்பு விடுபட்டிருந்தது. ஜபலாவுக்கு நேர் கீழே ருஸ்தம். ஹஜ்ரத்தின் முதல் கேள்விக்கு இடமாக இருந்த அதே படம், இப்போது எங்கள் பெயரோடு. மறுபடி வரைந்தவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை: படத்தில் இருப்பதைக் கண் உறவாகவே படிக்கும், கோட்டின் வகையைப் படிப்பவர்கள் தொகுப்பாளர்கள் மட்டுமே.

மூன்றாவதாக ஒரு முதுகலை மாணவியின் கடிதம் வந்தது. தந்தையின் கொலைக்குப் பின் எதிரிகள் ஸபீத் நகரைச் சூழ்ந்தபோது, சகோதரர் யூசுஃப் வந்து சேரும்வரை அதைக் காத்தவர் உமரின் மகள் அல்-தார் அல்-ஷம்ஸி. அவர் இல்லையேல் யூசுஃபின் ஆட்சியே இல்லை. அவருக்கு உங்கள் கொடிவழியில் ஏன் ஒரு கட்டம்கூட இல்லை என்று கேட்டிருந்தார். எங்களிடம் விடை இல்லை. அரபு நஸபு முறை, அதாவது குலவழி சொல்லும் முறை, தந்தைவழியில் செல்வது என்பது காரணமாகாது. ஆண்களில் அரியணை ஏறாதவர்களுக்கெல்லாம் கட்டம் கொடுத்திருந்தோம்.

மாற்றியவை

இரண்டாம் பதிப்பில் ஜபலாவைக் கொடிவழியிலிருந்து எடுத்துவிட்டோம். அவரும் ருஸ்தம் முதல் ஹாரூன் வரையிலான பெயர்களும் எதிர்ப்பக்கத்தில் 'உரிமை கோரப்பட்ட முன்னோர்' என்ற தனிப் பட்டியலாக, எந்த நூலில் எந்தக் காலத்தில் அந்தக் கூற்று முதலில் காணப்படுகிறது என்ற விவரத்தோடு இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து கொடிவழிக்கு எந்த வகைக் கோடும் இல்லை. படத்தைத் தனியே எடுத்து மறுபடி வரைபவர் எவ்வளவு அவசரக்காரராக இருந்தாலும், அது ரஸூலிலிருந்தே தொடங்கும். இதே வேலையை மறுபடி தொடங்குவதாக இருந்தால், முதல் நாளிலேயே கையில் எடுப்பது அரசவை வரலாற்றை அன்று. பொறிப்பு, காசு, முகப்புப் பக்கம் என்று காலமும் முழுப்பெயரும் உள்ளவற்றை முதலில் எக்செல் தாளில் ஏற்றுவேன், பட்டத்தை மட்டும் வைத்து எந்த நூலுக்கும் ஆசிரியர் பெயர் எழுத மாட்டேன். ஹஜ்ரத் கேட்ட தலைமுறைக் கணக்கைப் போட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வரைவு தட்டச்சாவதற்கு முன்பே அதைச் செய்திருக்கலாம்.

பெண்களுக்கான கட்டங்களைச் சேர்ப்பது நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. ரஸூலி அரசகுடும்பப் பெண்களை வரலாற்று நூல்கள் இயற்பெயரால் குறிப்பிடுவது அரிது. 'தார்', 'ஜிஹத்' போன்ற மதிப்புச் சொற்களோடு, பல இடங்களில் அவர்களுடைய மாளிகைப் பொறுப்பாளராக இருந்த, விதைநீக்கப்பட்ட பணியாளரின் பெயரைச் சேர்த்தே குறிப்பிடுகின்றன. 1351-இல் மக்காவில் சிறைபிடிக்கப்பட்டுக் கெய்ரோவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அல்-முஜாஹித் திரும்பும்வரை நாட்டைக் குலையாமல் காத்த அவருடைய தாய் 'ஜிஹத் ஸலாஹ்' எனப்படுகிறார். ஸலாஹ் என்பது அந்த அம்மையாரின் பெயரன்று, அவருடைய பணியாளரின் பெயர். அதை இயற்பெயராக அச்சிட்டால் பழைய தவறையே புதிய இடத்தில் செய்தவர்கள் ஆவோம் என்று மொழிபெயர்ப்பாளர் எச்சரித்தார். எனவே அவருடைய கட்டத்தில் 'ஜிஹத் ஸலாஹ் என அறியப்பட்டவர்' என்று அச்சாகியிருக்கிறது. இயற்பெயருக்குரிய வரி வெறுமையாக விடப்பட்டிருக்கிறது.